ஒப்பீட்டுக் குழுவின் சராசரி

பாடமுறை ஆய்வுக்கு இந்த ஆண்டு குலுக்கல் நடந்தபோது, குமரேசனின் இரட்டைப் பெண்களில் தாரணிக்குப் புதிய கணக்கு வகுப்பு விழுந்தது. பூரணிக்கு ஒப்பீட்டுக் குழு. ஒப்பீட்டுக் குழுவுக்குப் பழைய புத்தகம்தான். புதிய வகுப்பில் சொல்லித் தருவதில் ஒரு வரிகூட அந்தப் பிள்ளைகளின் காதில் விழக்கூடாது. விழுந்தால் அதற்குக் 'கலப்பு' என்று பெயர். கலப்பு நடக்கும் வீடுகளைக் கண்டுபிடிப்பதுதான் குமரேசனின் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி எடுக்க மொட்டைமாடி அறைக்குப் போனவன், பூரணி பின்னக் கணக்கை மளமளவென்று போடுவதைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் தாரணி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, எத்தன தடவ சொன்னேன்? வெளிய தெரிஞ்சா அப்பனுக்கு வேல போயிரும்."

தாரணி அழத் தொடங்கினாள். பூரணி பதறவில்லை.

"தெரியாதுங்கப்பா. பரிச்சையில நான் தப்பாத்தானே எழுதறேன்."

"எல்லாமேவா?"

"எல்லாம் தப்புன்னா சந்தேகப்படுவாங்கல்ல? பத்துக்கு நாலு சரியா எழுதுவேன். எங்க குழுவோட சராசரி நாலுதானுங்களே."

அந்த நாலை மாதாமாதம் பதிவேற்றியவன் அவன்தான். போன வாரம்கூடச் சாப்பாட்டு நேரத்தில், இவளுக்கு இவ்வளவுதான் வரும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். பூரணி அப்போது தலைகுனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இனிமேல் சரியாகவே எழுது கண்ணு என்று சொல்ல வாயெடுத்தான். 

"மெல்லப் பேசுங்க, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, கதவை வெளியிலிருந்து சாத்தினான்.