குப்பிக்கு ஒரு துண்டு ஐஸ்

ஓமந்தைச் சோதனைச்சாவடிக் கேற்று இன்னும் திறக்கவில்லை. வரிசையில் நிற்கும் வானுக்குள், கிளிநொச்சிக்குப் போகும் ஆய்வு மாணவி நிரோசினியின் மடியில் உள்ள குளிர்ப்பெட்டிக்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. அதில் விரல்நுனி அளவு குப்பி மிதக்கிறது. கலங்களை ஒன்றோடொன்று ஒட்டிப்பிடிக்க வைக்கும் ஏற்பிப் புரதத்தைக் காட்டித்தரும் பிறபொருளெதிரி, அதாவது அன்ரிபொடி, அதற்குள் இருக்கிறது. சூடேறினால் வீண். பக்கத்து லொறியில் முல்லைத்தீவு மீனுக்கு ஐஸ் கொண்டுபோகும் கச்சு முகம்மது எட்டிப் பார்க்கிறார். “உதென்ன பிள்ளை, அத்தரோ?” “இல்லை நானா, நாலு பேற்றை புற்றுநோய்க் கட்டி பரவுமோ எண்டு பாக்கிற மருந்து. வேற குப்பி இல்லை.” “போன மாசம் நான் ஏத்தின ஐஸ், கேற்றுத் திறக்கேக்க குளமாகி, அதுக்குள்ள விரால் குஞ்சும் பொரிச்சிட்டுது,” என்று முகம் மாறாமல் சொல்லிக்கொண்டே உளியால் ஒரு துண்டு உடைத்துப் பெட்டிக்குள் போடுகிறார். அதுவும் கரையத் தொடங்குகிறது. கேற்றடியில் நிற்கும் படையாள் கையை உயர்த்துகிறான். வரிசை முழுவதும் எஞ்சின்கள் உறுமுகின்றன. அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக் கையைக் கீழே போடுகிறான்; கேற்று மூடியபடியே கிடக்கிறது.