விடாத கரண்டி

மதிய வெயில் ஜன்னல் வழியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுகிறது. வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தையின் வயிற்றுத் தோலை நர்ஸ் லேசாகக் கிள்ளி விடுகிறாள். மடிப்பு உடனே மறையவில்லை. துணி மடிப்பைப் போல நின்று மெதுவாக இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மா குனிந்து பார்க்கிறாள். “உடம்புல தண்ணி வத்திப்போச்சு. தண்ணி குடுத்தீங்களாம்மா?” “குடுத்தா இன்னும் போகும்னு நெனச்சேன் சிஸ்டர். கேட்டுக் கேட்டு அழுதான். நான்தான் குடுக்கல.” நர்ஸ் உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்குகிறாள். ஜாடியில் கரண்டி மோதும் சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. முதல் கரண்டி உதட்டோரம் வழிகிறது. அடுத்தது உள்ளே இறங்குகிறது. அதற்கடுத்த கரண்டியைக் குழந்தை பல்லால் கவ்விக்கொள்கிறது; இழுத்தாலும் விடவில்லை. “விடுடா தங்கம், இன்னும் நெறைய இருக்கு,” என்று நர்ஸ் சிரிக்கிறாள். “இவ்வளவு தாகமாடா உனக்கு?” என்று கேட்டபடி அம்மா அடுத்த கரண்டியை ஊட்டக் கை நீட்டுகிறாள்.