பின்னாலே வரக் கூடாது

"சத்தியம் பண்ணுங்க. அப்பா பின்னாலே போகவே மாட்டேன்னு."

"சத்தியமா போக மாட்டேன் மேடம்" என்றாள் மகள், முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு.

மேடம் கறாரான ஆள். வெள்ளைக் கோலைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது எப்படி என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர். இன்றைக்குத் தேர்வு. கடைவீதியில் இருக்கும் தன் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு அப்பா துணையில்லாமல் போய்ச் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், பார்வை போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் கடையைத் திறக்கலாம். இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. மகள் போட்ட நிபந்தனை அது.

"நான் முன்னாடி போய்க் கடை வாசல்ல நிக்கிறேன். பின்னாலே வந்தா ஃபெயில்தான், சொல்லிட்டேன்!" மேடத்தின் ஸ்கூட்டர் கிளம்பியது.

அப்பா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னம்மா, உனக்கு வேலைக்கு நேரமாகலையா?"

"இதோ கிளம்பிட்டேம்பா."

அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். எத்தனை துவைத்தாலும் அவள் சீருடையை விட்டுக் கிராம்பு எண்ணெய் வாசம் போகாது.

அப்பா தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! பெற்றவர் விழுந்து வைத்தால் மேடமா வந்து தூக்குவார்?

கோல் இடமும் வலமுமாகத் தரையைத் தட்டிக்கொண்டே போனது. அப்பா என்னவோ புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்றுதான் நடந்தார். இவளுக்குத்தான் பொறுக்கவில்லை. எதிர்ப்பக்கமாக ஓடி அவரை முந்தி, நடைபாதையில் சாய்ந்திருந்த சைக்கிளை நிமிர்த்தினாள். குறுக்கே படுத்திருந்த நாயை விரட்டினாள். பெயின்ட் கடை முனையில், நடைபாதைக்கு நட்டநடுவே ஒரு காலி டிரம்!

"அடப்பாவி, எங்கப்பா முட்டியைப் பேர்க்கவா வெச்சிருக்கான்?" என்று முணுமுணுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைச் சுவரோரம் நகர்த்தினாள்.

அப்பா வந்தார். கோலில் எதுவும் தட்டவில்லை. திரும்ப வேண்டிய முனையைத் தாண்டி, பஸ்கள் பறக்கும் பெரிய சாலையைப் பார்த்து நேரே போனார்.

அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கத்தப் போனாள். அதற்குள் அவரே நின்று காதைத் தீட்டினார்.

"பஸ் சத்தம் இவ்வளவு கிட்டவா கேக்கும்?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி, சுவரைக் கோலால் தொட்டபடி வந்தார். டாங்!

"யோவ் பெயின்ட்டு! டிரம்மை ஏன்யா நகர்த்தினே? அதை வெச்சுத்தானே நான் தினமும் திரும்பறேன்?"

"நான் எங்கண்ணே நகர்த்தினேன்? இதோ உங்க..." என்று ஆரம்பித்த கடைக்காரர், அவள் வாய்மேல் விரலை வைத்துக் கெஞ்சுவதைப் பார்த்துவிட்டார். "...உங்க நேரம்ணே, காத்து அடிச்சிருக்கும்!"

அப்பா சிரித்துக்கொண்டே முனையில் திரும்பினார். அடுத்து எங்கேயும் தடுமாறவில்லை. கடையின் ஷட்டரைக் கோலால் தட்டி, "வந்தாச்சு மேடம்!" என்றார்.

"ஃபெயில்!" என்றார் மேடம்.

விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலிருந்து செருப்பும் கையுமாக ஓடிவந்தாள் மகள். கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது நீர்.

"மேடம், அப்பா மேல தப்பே இல்லை! டிரம்மை நகர்த்தினது நான்தான். வழி தவறியும் அவரே கண்டுபிடிச்சு வந்தாரு மேடம். அவர் கடையைத் திறக்கட்டும், நான் குறுக்கே நிக்கலை. பாஸ் போடுங்க!"

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். ஷட்டர் சர்ரென்று ஏறியது. உள்ளே பொட்டுத் தூசி இல்லை. மேஜைமேல் பாதி பிரித்த தையல் மெஷின் ஒன்று, புது எண்ணெய் மினுமினுக்க உட்கார்ந்திருந்தது.

"அவர் போன மாசமே பாஸ்! நீங்க வேலைக்குப் போனதும் தினமும் தனியா வந்து கடை திறக்கிறாரு" என்றார் மேடம். "இன்னைக்குத் தேர்வு உங்களுக்கு."

"வாசல்லேர்ந்தே கிராம்பு வாசம் கூடவே வந்துச்சு" என்று சிரித்தார் அப்பா. "செருப்பைப் போடும்மா, கால் சுட்டிருக்கும். நாளைக்கு மறுபடி எழுதி பாஸ் பண்ணிடலாம்."