பெரிய வெள்ளியில் ஒரு குதியாட்டம்

மிதித்தால் மின்சாரம் தரும் தரையை ஊரிலேயே முதலில் போட்டது எங்கள் சபைதான். பூமியின் சூட்டைக் குறைக்க எங்களால் ஆனது. ஞாயிறன்று நாங்கள் கைதட்டிக் குதித்துப் பாடினால், எதிரே இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கு பேட்டரியில் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் வரும். தவக்காலத்தில் ஒருத்தரும் குதிக்க மாட்டோம் என்பதைத்தான் கமிட்டியில் யாரும் யோசிக்கவில்லை.

பெரிய வெள்ளி ஆராதனை. வெள்ளை உடுத்தி, இருமக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தோம். போதகர் ஞானசிகாமணி சிலுவைப் பாடுகளைச் சொல்லிக் கண்கலங்கிய நேரம், நர்ஸ் எப்சிபா உள்ளே ஓடிவந்தாள்.

“ஐயா, கரண்ட் தீரப்போகுது! அங்க ஒரு பொண்ணு வலியில துடிக்கிறா. எல்லாரும் கொஞ்சம் குதிங்க!”

“இன்னைக்கா?” போதகர் அரண்டுபோனார். “இன்னைக்குத் துக்க நாளும்மா!”

“வர்ற பிள்ளைக்கு அது தெரியுமா ஐயா?”

போதகர் சிலுவையை ஒருமுறை பார்த்தார். அங்கியை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈஸ்டர் பாட்டை இரண்டு நாள் முன்னதாகவே ஆரம்பித்துக் குதித்தார். மூட்டுவலி என்று சண்டை போட்டு நாற்காலி வாங்கிய நானும் அதைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எப்சிபா ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடினாள். எதிர் ஜன்னலில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. விடுவோமா? கோயிலே அதிர்ந்தது.

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. மூச்சிரைக்க ஸ்தோத்திரம் சொல்லி உட்கார்ந்தோம். போதகர் அங்கியை இறக்கிவிட்டு, துக்க முகத்தைத் திரும்ப வரவழைத்துக்கொண்டிருந்தார்.

எதிர் ஜன்னலில் எப்சிபா தலையை நீட்டினாள்.

“நிறுத்தாதீங்க ஐயா! உள்ள இன்னொரு பிள்ளை இருக்கு!”

நாங்கள் எழுவதற்குள் அங்கி முழங்காலுக்கு ஏறியிருந்தது.