எண்ணூறு டிகிரியிலும் உடையாதது

ஜார்ஜ் டவுனில் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே கிளாரிஸுக்கு அமீன் என்ற வேதிப்பொருளைச் சூடாக்கும் வேலை. மீன் நாற்றமடிக்கும் அதன் ஆவி, உலையில் கொதிக்கும் குழாய்க்குள் உடைந்து, மறுமுனையில் அம்மோனியா நெடியாக வெளியேறும். இன்று எண்ணூறு டிகிரியிலும் மறுமுனையில் மீன்தான் நாறியது.

இயக்குநர் மோகனராஜ், பெயரைவிடப் பட்டங்கள் நீளமானவர், மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"நமக்குப் பணம் கொடுக்கிற டத்தோ வந்துட்டாரு. உடைஞ்சிருச்சுன்னு சொல்லிடும்மா."

"உடையலையே டாக்டர்."

"வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். அதுக்காகப் பொய் சொல்ல முடியாதுலா."

அரசு தந்த டத்தோ பட்டத்தோடு அந்தப் பெரிய மனிதரும் பரிவாரமும் மூக்கைப் பொத்தியபடி நுழைந்தார்கள். "முழுமையான சிதைவு!" என்று மோகனராஜ் முழங்கினார். மூக்கிலிருந்து கையை எடுக்க முடியாததால் யாரும் கைதட்டவில்லை.

"உடையல," என்றாள் கிளாரிஸ், எல்லார் காதிலும் விழும்படி. அமீன் குப்பியைக் கழற்றி வெளியே அனுப்பினாள். உலையை அணைத்தாள். குழாய் ஆறும்வரை டத்தோவையே காக்க வைத்தாள். பிறகு அதை உருவி மேசையில் வைத்தாள். நாற்றம் கூடியது.

"வெறுங்குழாய்மா அது!" என்றார் மோகனராஜ். குரல் இறங்கியிருந்தது.

கிளாரிஸ் இரு முனைகளையும் உள்ளங்கைகளால் இறுக மூடினாள். உள்ளிருந்து வெதுவெதுப்பாக ஏதோ, மூச்சு விடுவதைப்போல, இரண்டு கைகளையும் மெல்லத் தள்ளியது. அவள் கைகளை எடுக்கவில்லை.