ஐயா வரட்டும்

“ஒரு வருஷமா நீங்க என்னதான் செஞ்சீங்க, மோசஸ்?”

போதகர் கிருபாகரன் சபைக்குத் திரும்பி வந்த மறுநாள் காலை. இன்னும் காபிகூடக் குடிக்கவில்லை. அதற்குள், சபையில் அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மோசஸ் ஒரு காகிதத்தை நீட்டிவிட்டார். பாக்கி வேலைகளின் பட்டியல். மொத்தம் பதினெட்டு.

“ஞாயித்துக்கெழமை ஆராதனைக்குத் திருப்போரூர் பாஸ்டர் வந்துட்டுப் போனாரு. மத்ததெல்லாம் ஐயா வரட்டும்னு வுட்டுட்டோம்.”

சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டுமே!

“பிரபா வீட்டு வேலித் தகராறுகூடவா?”

“அதுவுந்தான் ஐயா. அண்ணனும் தம்பியும் மூஞ்சியத் திருப்பிக்கினு போறாங்க.”

“நீங்க கூப்பிட்டுப் பேசியிருக்கலாமே?”

“நம்ம பேச்ச எவன் கேக்குறான்?”

போதகருக்கு எரிச்சல் வந்தது. அவர் வந்திருப்பதே அரை மனதாகத்தான். போன வருஷம் மனைவி ஷாரோன் காலமானதும், பேராயமே நீண்ட விடுப்பு கொடுத்து அனுப்பியது. கூடுவாஞ்சேரியில் தங்கை வீட்டு மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, போகிற வருகிற ரயிலைப் பார்த்தே நாள் போயிற்று.

‘சனிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன். முடியலைன்னா ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்துடுவேன்’ என்று தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

போதகர் வீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில் ஷாரோனின் கையெழுத்து. கதவுக்குப் பின்னால் அவள் குடை. எந்த வீட்டு ஜெபத்துக்குப் போனாலும் வண்டியின் பின் சீட்டில் அவள்தான். மடியில் பாட்டுப் புத்தகம். வேகத்தடையில் வண்டி குதித்தால் முதுகில் ஒரு குத்து விழும். அந்தக் குத்து இல்லாமல் இனி எந்த வீட்டுக்குப் போவது?

ஆனால் பட்டியல் பதினெட்டாயிற்றே. போயே ஆகவேண்டியிருந்தது.

வேலித் தகராறு, போதகர் அரை டம்ளர் மோர் குடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. ஒரு வருஷமாக முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும், “ஐயா சொன்னா சரிதான்” என்று கைகொடுத்துக்கொண்டார்கள்.

‘பரவாயில்லை, நம் பேச்சுக்கு இன்னும் மதிப்பிருக்கிறது’ என்று அவருக்கு ஒரு சின்னத் திருப்தி.

புதன்கிழமை கோவளத்தில் எல்லம்மாளுக்கு ஜெபம். கால் உடைந்து கிடந்தவள், ஜெபத்துக்கு ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு மீதி ஒரு மணி நேரமும் ஷாரோனைப் பற்றியே பேசினாள்.

“கிறிஸ்மஸுக்கு அம்மா கேக்கு கொண்டாந்தாங்க பாரு ஐயா, கல்லு மாதிரி. எம் பேரன் அத்த வெச்சு கிரிக்கெட் ஆடினான்.”

போதகர் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்ததும் கண் கலங்கியது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பட்டியலில் கடைசி வேலை, பொன்னியின் புதுவீட்டுப் பிரதிஷ்டை. மாமல்லபுரம் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை பெருக்கி, துணி மாற்றி, அவள் கட்டிய வீடு. கடைக்கால் போட்ட அன்று ஷாரோன்தான் பக்கத்தில் நின்று, “சமையலறை சன்னலைக் கிழக்கே வை பொன்னி, கடல் காத்து வரும்” என்று சொன்னாள்.

வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. குடும்பமே பக்கத்துத் தகரக் கொட்டகையிலிருந்து எழுந்து வந்தது. போதகருக்குப் பொறுக்கவில்லை.

“வீட்டைக் கட்டி முடிச்சிட்டு, இவங்க இன்னும் கொட்டகையில கிடக்கிறாங்க. ஒரு ஜெபம் பண்ணிக் குடியேத்தி விட உங்களுக்கு என்ன கஷ்டம், மோசஸ்? நான் வரலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“என் ஜெபம் இன்னாத்துக்கு ஆகும் ஐயா” என்று மோசஸ் தலையைச் சொறிந்தார்.

“சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு தாழ்மை வேற.”

பொன்னி எதையோ சொல்ல வாயெடுத்தாள். மோசஸ் அவளைப் பார்த்தார். அவள் பேசாமல் கத்தரிக்கோலை நீட்டினாள்.

ரிப்பனை வெட்டி, அறை அறையாக ஜெபம் செய்து, பாட்டுப் பாடி முடித்ததும் பால் பொங்கியது. சமையலறையில் கிழக்கே சன்னல். உள்ளே வந்த காற்றில் ஷாரோன் பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. போதகர் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

கூடத்துக்கு வந்தபோது அவருக்கு வியர்த்திருந்தது.

“ஃபேன போடு” என்று பொன்னி யாருக்கோ குரல் கொடுத்தாள்.

ஃபேன் சுற்றியது. சுவரில் மாட்டியிருந்த பெரிய வசனக் காலண்டர் பறந்து மேலே எழும்பியது. அதற்குப் பின்னால் சுவரில் பதித்த ஒரு பளிங்குக் கல். மோசஸ் பாய்ந்து வந்து காலண்டரை அழுத்திப் பிடிப்பதற்குள் போதகர் படித்துவிட்டார்.

கல்லில் இருந்த தேதிப்படி, வீட்டைப் பிரதிஷ்டை செய்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. ஜெபித்தவர், உபதேசியார் மோசஸ்.

பொன்னி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மோசஸ் காலண்டரிலிருந்து கையை எடுக்காமல் தரையைப் பார்த்தபடி நின்றார்.

போதகர் பொன்னியிடமிருந்து பால் டம்ளரை வாங்கி, நிதானமாகக் குடித்து முடித்தார்.

“சரி மோசஸ், திங்கட்கிழமைக்கு என்ன வேலை பாக்கி இருக்கு?”

“இனிமேதான் ஐயா யோசிக்கணும்.”