வருகைப் பதிவு

"பையனோட டி.சி.யைக் கொடுங்க சார், நான் போறேன்னு சொல்றேன்ல—"

"இருங்கம்மா, யுனிவர்சிட்டி சீட்டுக்கு எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க தெரியுமா?"

"எங்களுக்கு வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம், சரி. படிக்கிறவன் அவன்! அவனைக் கேட்டீங்களா?"

அம்மா பைக்குள் துழாவினாள். குமாஸ்தா கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க. நானூறு பேர் வகுப்பு. இந்த மாசம் ஒரு நாள்கூட லீவு இல்லை. நேத்தும் வந்திருக்கான். இப்படிப்பட்ட பிள்ளையோட படிப்பைக் கெடுக்கிறீங்களே, நீங்கல்லாம் பெத்தவங்களா?"

அவள் நீட்டிய தாளைப் படித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பையனின் இறப்புச் சான்றிதழ். தேதி, போன மாதம் ஆறு.

"லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் காய்ச்சல்ல போயிட்டான் சார்."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அவன் பேரைக் கூப்பிட்டப்போ, 'உள்ளேன்'னு சொன்னது யாரு?"